லெகோ படம் எடுக்கையில் கேமரா படுத்துகிறதா? அறிகுறியைப் பாருங்கள், அப்புறம் வாங்கலாம்

மே மாதம் வந்தால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் லெகோ பெட்டிகள் வந்து இறங்கும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கொண்டுவருவது பாதி, இங்கேயே ஆன்லைனில் வாங்கியது மீதி. கட்டையை அடுக்கி, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் பிடித்து ஓட்டுகிற ஸ்டாப் மோஷன் ஆசை எல்லாருக்கும் வந்துவிடுகிறது. அதன்பின் வருகிற கேள்வியும் ஒன்றேதான்: "மாமா, படம் நல்லாவே வரலை. எந்த கேமரா வாங்கலாம்?"

வாங்குவதைக் கடைசியில் பேசலாம். வருகிற புகார்களில் பெரும்பாலானவை கையில் இருக்கும் போனிலேயே தீர்ந்துவிடும். தீராத கோளாறுக்குக்கூட, அது என்னவென்று தெரிந்தபின் வாங்கினால்தான் சரியான கேமரா அமையும். தெரியாமல் வாங்கினால் புதுக் கேமராவிலும் அதே கோளாறு வந்து நிற்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், காசு பிடிக்கும் வழி பிறகு.

## எதற்கும் முன்னால்: சும்மா இருபது பிரேம்

செட் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு பொம்மையையும் தொடாதீர்கள். சில விநாடி இடைவெளி விட்டு இருபது பிரேம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒரே போட்டோவைப் பார்ப்பதுபோல அசையாமல் நிற்க வேண்டும்.

வெளிச்சம் கூடிக் குறைந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். படம் துள்ளினால் "படம் குதிக்கிறது" பகுதி. அசையாமல் நின்றும் முகம் தெளிவில்லை என்றால் "மங்கல்" பகுதி. இருபதும் சுத்தமாக வந்து, பொம்மையை நகர்த்தி எடுக்கும்போது மட்டும் கெடுகிறது என்றால் கேமராமேல் பழி இல்லை. அதற்கும் வழி கீழே இருக்கிறது.

## வெளிச்சம் துடிக்கிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். படம் ஓடும்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்ததுபோல இருட்டும் பிரகாசமும் மாறி மாறி வரும்.

நகர்த்தி எடுத்தால் மட்டும் துடிக்கிறது

இரண்டு காரணம்தான். ஒன்று, நீங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செட்டுக்குப் பக்கத்தில் நின்றால் சட்டையில் பட்ட வெளிச்சம் கட்டைமேல் விழும். அடுத்த பிரேமில் அரை அடி தள்ளி நின்றால் அது விழாது. அடர்நிறச் சட்டை போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து பட்டனை அழுத்துங்கள். வேடிக்கை பார்க்கிற தம்பி தங்கைகளையும் ஓர் இடத்தில் உட்கார வையுங்கள். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை: பளபளப்பான சிவப்பும் பச்சையும் பொம்மைமேல் சாயமாக ஏறும். தரையில் கறுப்புத் துணி விரித்துவிட்டால் சரி.

இரண்டு, ஆட்டோ. பெரிய வெள்ளைக் கட்டை பிரேமுக்குள் வந்ததும், கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கட்டை வெளியே போனால் மறுபடி வெளிச்சமாக்கும். இதை நிறுத்த மூன்றைப் பூட்ட வேண்டும்: எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் (எந்தத் தூரம் தெளிவு என்பது).

போனில் வழக்கமான கேமரா செயலியை விடுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலியில் கேமரா அமைப்பைத் திறந்து மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுங்கள். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியும் இதற்குப் போதும். அதன் அமைப்புகளில் கேமரா2 ஏபிஐ என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டதும் ஷட்டர் வேகத்தையும் (எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது) ஐஎஸ்ஓவையும் (அந்த ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது) கையால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த போன் தன் கேமராவை முழுதாக உங்கள் கையில் தராது. பூட்டு மட்டும் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் செயலியை மூடித் திறந்தால் பூட்டு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். எச்டிஆர், நைட் மோடு, ஏஐ காட்சி மேம்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக அலங்காரம் செய்து தருபவை, நமக்கு இருபதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

வெப்கேமில் இதே பூட்டுகள் கணினியில், கேமராவின் அமைப்புப் பலகையில் இருக்கும். மங்கலான வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்கிற வசதி என்று ஏதாவது இருந்தால் முதலில் அதன் டிக்கை எடுங்கள். டிஎஸ்எல்ஆர், மிர்ரர்லெஸ் போன்ற லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் டயலை எம்-மில், அதாவது மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓவை ஓர் எண்ணில் நிறுத்தி, ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து மாற்றினால் முடிந்தது.

சும்மா எடுத்த இருபதிலும் துடிக்கிறது

மூன்றையும் பூட்டிய பிறகும் இப்படி என்றால் வெளியிலிருந்து வருகிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சூரியன். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றம், அவ்வளவு அழகான வெளிச்சம் தரும். அதை நம்பி அங்கே செட் போடாதவர் இல்லை. ஒரு மேகம் கடந்தால் முகம் கறுத்துவிடும், ஒரு மணி நேரம் போனால் தூணின் நிழலே இடம் மாறிவிடும். பத்து விநாடிக் காட்சிக்கு, விநாடிக்கு 12 பிரேம் வீதம் 120 பிரேம் வேண்டும், அதை எடுத்து முடிக்கப் பாதிப் பகல் போகலாம். ஆகவே வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்துப் போங்கள், அல்லது இருட்டியபின் எடுங்கள். ஏ.வி.எம். ஸ்டுடியோ 1948இல் வடபழனிக்குப் போகும்வரை நம்ம தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வெயிலை வெளியே நிறுத்துவதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, விளக்கு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி பல்புகள் அதன் இரு மடங்கில், அதாவது விநாடிக்கு 100 முறை அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டரில் எடுத்தால் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். அதைவிட நல்லது, இன்னும் மெதுவாக 1/10, 1/5 என்று போவது. ஒரு பிரேமுக்குள் பல துடிப்புகள் சேர்ந்து சராசரியாகிவிடும். பொம்மை ஓடிப்போகாது, பயமில்லை. வெப்கேமில் மின்சார அலைவரிசை என்று ஓர் அமைப்பு இருக்கும், அது 60இல் இருந்தால் 50க்கு மாற்றுங்கள். இதை மட்டும் மாற்றியே தீர்ந்த புகார்கள் நிறைய.

பல்பைச் சோதிக்க, போனை ஸ்லோ மோஷனில் வைத்து பல்பைப் பிடித்துப் பாருங்கள். பட்டைபட்டையாக ஓடினால் அந்தப் பல்பு வேண்டாம். துடிக்காத வேறு பல்பு மாற்றிப் பார்ப்பது கேமரா மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

மூன்றாவது, வோல்டேஜ். மோட்டார் போட்டதும், ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்குகிறதா? எடுக்கும் நேரத்தில் மோட்டார் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி எல்இடி விளக்கு இரண்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

*இங்கே ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் பிரகாசம் கூடுகிறது என்றால் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். மும்முனை மின்சாரம் உள்ள பழைய வீடுகளில் இதை அசட்டையாக விடக் கூடாது, வீட்டிலுள்ள எல்லாச் சாதனமும் கருகும், தீயும் பிடிக்கும். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள்.

விளக்கும் சரி, பூட்டும் சரி, டிஎஸ்எல்ஆரில் மட்டும் இன்னும் லேசாகத் துடிக்கிறது

விலை உயர்ந்த கேமரா வாங்கியவர்களுக்கென்றே உள்ள கோளாறு இது. லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை, அதாவது அப்பர்ச்சரை அமைக்கும் இதழ்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் மூடித் திறக்கும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். போட்டோவில் தெரியாது, ஓட்டினால் தெரியும்.

உறுதி செய்ய, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, அதாவது எஃப் எண்ணை மிகச் சிறியதாக வைத்து, இருபது பிரேம் எடுங்கள். திறந்த நிலையில் இதழ்கள் அசைவதில்லை. துடிப்பு நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். நிற்கவில்லை என்றால் மறுபடி விளக்குக்குத் திரும்புங்கள்.

கேனான் டிஎஸ்எல்ஆரில் காசில்லாத வைத்தியம் உண்டு. எஃப் 8 என்று வைத்து, இதழ்களை அந்த அளவுக்கு மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் முன்னோட்டப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, லென்ஸைக் கழற்றும் பட்டனையும் அழுத்தி லென்ஸைக் கொஞ்சம் மட்டும் திருப்புங்கள். மின்தொடர்பு விட்டுப்போய் இதழ்கள் அப்படியே நிற்கும். லென்ஸ் முழுதாகப் பூட்டாமல் இருக்கும், அதனால் டேப் போட்டு நிறுத்துங்கள், கேமராவைச் சாய்த்துத் தூக்காதீர்கள்.

சரியான தீர்வு, அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ். பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு கேனான் உடலில் மாட்டலாம். நிக்கானில் படம் விழும் சென்சாரிலிருந்து லென்ஸ் உட்காரும் தூரம் 46.5 மி.மீ., கேனான் டிஎஸ்எல்ஆரில் 44 மி.மீ., இடையில் அடாப்டருக்கு இடம் இருக்கிறது. மிர்ரர்லெஸ் என்றால் அநேகமாக எந்தப் பழைய லென்ஸும் பொருந்தும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் தூணும் கதவும் பார்த்துவிட்டு வருவார்கள். பழைய கேமரா கண்ணில் பட்டால் லென்ஸைக் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை மாதிரி கோடுகள் இருந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வாருங்கள்.

மென்பொருளில் துடிப்பைக் குறைக்கும் வழியும் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் அது கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும், இலவசத்தில் கிடையாது. லேசான துடிப்பை மறைக்கும், மேகம் போனதை மறைக்காது.

## பொம்மை முகம் மங்கல், பின்னால் சுவர் பளிச்

லெகோ ஆள் பொம்மை ஏறத்தாழ 4 செ.மீ. உயரம். அதன் முகத்தில் கண்ணும் வாயும் புள்ளியளவு. கட்டையின் குமிழ்கள் 8 மி.மீ.க்கு ஒன்று. மனிதர்களைப் பிடிக்கச் செய்த கேமராவுக்கு இந்த அளவு பழக்கமில்லை.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். அடுத்தது, நாளிதழ் சோதனை. செட் இருக்கும் இடத்தில் ஒரு நாளிதழை நிறுத்தி, கேமராவை அருகில் கொண்டுபோய், பிறகு மெதுவாகப் பின்னால் இழுங்கள். எழுத்து முதன்முதலாகத் தெளிவாகும் தூரத்தை ஸ்கேலில் அளந்து எழுதிவையுங்கள். அதற்கு உள்ளே போகவே முடியாது, அதுதான் உங்கள் கேமராவின் எல்லை.

போன் என்றால்: எல்லைக்கு வெளியே நகர்ந்துவிட்டு, எடுத்தபின் வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் போட்டோ 4000 பிக்சல் அகலம், முடிவில் வேண்டிய முழு எச்டி வீடியோ 1920 மட்டுமே. பாதி அகலத்தை வெட்டி எறிந்தாலும் தரம் குறையாது. பெட்டியில் "மேக்ரோ கேமரா" என்று போட்டு விற்கும் 2 மெகாபிக்சல் லென்ஸை நம்பி போன் வாங்க வேண்டாம். அதன் படம் 1600 பிக்சல் அகலம்தான், நிறமும் வெளிறியிருக்கும். அருகில் போனால் தானாக வேறு லென்ஸுக்குத் தாவுகிற போன்களில் அந்தத் தாவலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காட்சி நடுவில் கோணமே மாறிப்போகும்.

வெப்கேம் என்றால்: அது ஆட்டோஃபோகஸா, நிலையான ஃபோகஸா என்று பாருங்கள். லாஜிடெக் சி920 ஆட்டோஃபோகஸ் உள்ளது. கணினியில் அதை அணைத்து, ஸ்லைடரை நகர்த்தி முகத்தில் நிறுத்தினால் போதும். சி270 நிலையான ஃபோகஸ், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக வைத்தது. உறையைத் திறந்து, லென்ஸில் இருக்கும் பசையை நீக்கி, லென்ஸைத் திருகி அருகில் ஃபோகஸ் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வாரண்டி போகும், கை நழுவினால் கேமராவும் போகும். பழைய கேமராவில் செய்து பார்க்கலாம், புதிதில் வேண்டாம்.

டிஎஸ்எல்ஆர் என்றால்: கூட வரும் 18-55 லென்ஸ்தான் நல்லது. கேனானின் 18-55 எஸ்டிஎம் 25 செ.மீ. வரை நெருங்கும். எல்லாரும் ஆசைப்படும் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 35 செ.மீ.யிலேயே நின்றுவிடும். இந்தத் தூரம் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸ் முனையிலிருந்து அல்ல. இன்னும் நெருங்க வேண்டுமானால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டலாம். அதற்குள்ளே கண்ணாடியே இல்லை, வெறும் குழாய், ஆகவே மலிவானதே போதும். முன்னால் மாட்டும் குளோஸ்-அப் ஃபில்டரும் உண்டு. +4 என்றால் முடிவிலியில் நிற்கும் ஃபோகஸை 25 செ.மீ.க்குக் கொண்டுவரும், +10 என்றால் 10 செ.மீ.க்கு. ஓரங்கள் கொஞ்சம் கலங்கும். மேக்ரோ லென்ஸ் கடைசி. லெகோ படத்துக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முகம் தெளிவு, முதுகு மங்கல் என்றால்: ஃபோகஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக நிற்கும் தூரம், போதவில்லை. அப்பர்ச்சரை எஃப் 8 அல்லது 11க்குக் கொண்டுபோங்கள், ஷட்டரை அதற்கேற்ப மெதுவாக்குங்கள். எஃப் 16ஐத் தாண்டினால் படம் மொத்தமும் மெத்தென்று ஆகிவிடும். கேமராவைச் சற்றுப் பின்னால் இழுப்பதும் உதவும்.

பெரிய சென்சார், பின்னணி மங்கல் என்று கடையில் சொல்லும் பெருமை இங்கே பாதகம். பின்னணி அதிகம் மங்கினால் "இது சின்னப் பொம்மை" என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். சின்ன சென்சார் உள்ள போனும் வெப்கேமும் முன்னும் பின்னும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும். கட்டையால் கட்டிய தெரு நிஜத் தெருவாகத் தெரிவது அதனால்தான்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* எந்தத் தூரத்தில் வைத்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் லென்ஸ் கோணியிருக்கிறது, கீழே விழுந்த கேமராக்களில் இது சகஜம். கேமரா பழுது பார்ப்பவரிடம் காட்டி, முதலில் செலவைக் கேளுங்கள். போனாக இருந்தால் கேமரா மாட்யூல் மாற்ற வேண்டியிருக்கும்.

## படம் குதிக்கிறது

ஓட்டிப் பார்க்கும்போது பின்னணிச் சுவரைக் கவனியுங்கள், பொம்மையை அல்ல.

சுவரும் சேர்ந்து குதித்தால் கேமரா அசைகிறது. ஒவ்வொரு பிரேமிலும் நடுங்கினால் பட்டன் அழுத்தும் விரல்தான் காரணம். இரண்டு விநாடி டைமர் வையுங்கள், அல்லது புளூடூத் ரிமோட், இயர்போனின் ஒலிப் பட்டன், கணினி விசைப்பலகை, எது இருக்கிறதோ அதை வைத்து எடுங்கள். ஒரே ஒருமுறை தாவி அங்கேயே நின்றுவிட்டால் யாரோ ஸ்டாண்டை இடித்திருக்கிறார்கள். முந்தைய பிரேமை லேசாக மேலே காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியைப் போட்டு, பழைய பிரேமின்மேல் புதிய காட்சி பொருந்தும்வரை நகர்த்துங்கள். இடிப்பது எப்படியும் நடக்கும், ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி வைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் ட்ரைபாடின் தலை எடை தாங்கவில்லை. போனுக்குச் செய்த பிளாஸ்டிக் ஸ்டாண்டில் டிஎஸ்எல்ஆரை வைத்தால் இதுதான் நடக்கும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் படம் மிதப்பதுபோல நகர்கிறதா? ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். லென்ஸில் ஐஎஸ் அல்லது விஆர் என்று சுவிட்ச் இருக்கும், போனில் அமைப்புக்குள் இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு அது வேண்டாம்.

நம் வீடுகளின் வழுவழுத் தரையில் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல விரியும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்தால் நிற்கும். மாடியில் மரத்தளம் உள்ள வீடு என்றால் யாராவது நடந்தாலே கேமரா ஆடும், கீழே வந்துவிடுங்கள். ஊஞ்சல் ஆடுகிற கூடத்தில் வேண்டவே வேண்டாம். அப்பத்தாவை ஊஞ்சலிலிருந்து எழுப்பிவிட்டு எடுப்பதைவிட வேறு அறை பார்ப்பது சுலபம்.

சுவர் நிற்கிறது, செட் மட்டும் குதித்தால் அடித்தட்டு நகர்கிறது. நான்கு மூலையிலும் ப்ளூ டேக் (பிசைந்து ஒட்டும் பசை) அல்லது இருபக்க டேப் போட்டு மேசையோடு ஒட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், என்ன செய்ய? பொம்மையின் துணி அங்கியும் இலைகளும் காற்றில் படபடப்பது பிரேமுக்குப் பிரேம் தெரியும்.

எதுவும் குதிக்கவில்லை, ஓட்டம்தான் திக்குகிறது என்றால் விநாடிக்கு எத்தனை பிரேம் என்று பாருங்கள். 12 அல்லது 15 போதும். 5, 6 வைத்துக்கொண்டு கேமராவைக் குறை சொல்லக் கூடாது. 24 வைத்தால் இன்னும் வழுவழுப்பாக வரும், ஆனால் மூன்று நிமிடப் படத்துக்கு 2160 பிரேமுக்குப் பதில் 4320 எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

## புள்ளி புள்ளியாக, மணல் தூவியதுபோல

வெளிச்சம் போதவில்லை, ஐஎஸ்ஓ ஏறிவிட்டது. ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்தி ஷட்டரை அரை விநாடி, ஒரு விநாடி என்று மெதுவாக்குங்கள். "இருட்டிலும் எடுக்கும்" என்று விலை கூட்டி விற்கும் கேமரா நமக்குத் தேவையே இல்லை. வெப்கேமில் ஷட்டரை அவ்வளவு மெதுவாக்க முடியாது, அங்கே விளக்கைத்தான் கூட்ட வேண்டும்.

விளக்கைக் கூட்டினால் பிளாஸ்டிக் பளபளக்கும், பொம்மையின் தலையில் வெள்ளைப் பொட்டு விழும். விளக்குக்கும் செட்டுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் அல்லது பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், சூடாகும் பல்பாக இருந்தால் ஓரடி தள்ளி.

எல்லாப் பிரேமிலும் அதே இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் சென்சாரில் தூசி. ஊதுகிற ரப்பர் பந்தால் ஒருமுறை ஊதிப் பாருங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். போகவில்லை என்றால் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள், சென்சாரைத் துணியால் தொடாதீர்கள்.

## கணினியில் கேமரா தெரியவே இல்லை

வெப்கேமா? வேறு யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். வீடியோ அழைப்புச் செயலி ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருந்தால் மூடுங்கள். விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் கேமரா அனுமதி இருக்கிறதா பாருங்கள். கேபிளை ஆட்டினால் வந்து வந்து போகிறது என்றால் கேபிள் போய்விட்டது.

டிஎஸ்எல்ஆரா? கேமராவோடு வந்த மென்பொருள் தானாகத் திறந்து கேமராவைப் பிடித்துக்கொள்ளும், அதை மூடினாலே பல சமயம் தீரும். சோனி என்றால் யுஎஸ்பி அமைப்பில் பிசி ரிமோட் என்று மாற்ற வேண்டும். பிறகும் வரவில்லை என்றால், உங்கள் ஸ்டாப் மோஷன் மென்பொருள் அந்த மாடலை ஆதரிக்கிறதா என்று அதன் பட்டியலில் பாருங்கள். டிராகன்ஃப்ரேம் போன்ற கட்டண மென்பொருள்கள் இந்தப் பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. பல இலவச மென்பொருள்களுக்கு வெப்கேம் மட்டுமே தெரியும்.

சின்ன டிஜிட்டல் கேமராவா? பரணில் கிடந்த பழையதை எடுத்து வருவார்கள், படம் நன்றாகவே இருக்கும். ஆனால் அநேகமாக எதுவும் நேரலைப் படத்தைக் கணினிக்கு அனுப்பாது. நேரலை இல்லை என்றால் ஆனியன் ஸ்கின் இல்லை, முந்தைய பிரேமில் கை எங்கே இருந்தது என்று ஊகித்துத்தான் நகர்த்த வேண்டும். எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் மலிவான கேப்சர் ஸ்டிக் ஒன்று வாங்கி வெப்கேமாக மாற்றலாம். அதற்கு முன் கேமராவை டிவியில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி அடையாளமும் கட்டமும் திரையில் தெரிந்தால் எல்லாப் பிரேமிலும் அவை விழும்.

யுஎஸ்பி துளையே தளர்ந்து ஆடினால் பழுது பார்ப்பவரிடம் போங்கள், ஈர்க்குச்சி வைத்து முட்டுக் கொடுக்காதீர்கள்.

## நடுவில் அணைந்துவிடுகிறது

தானாக அணையும் நேரத்தை அமைப்பில் நீட்டுங்கள் அல்லது நிறுத்துங்கள். டிஎஸ்எல்ஆர், திரையில் நேரலையாகக் காட்டும் லைவ் வியூவில் பேட்டரியைக் குடிக்கும். பேட்டரி மாற்றக் கேமராவைத் தொட்டால் படம் குதிக்கும். பேட்டரி வடிவிலேயே இருந்து சுவர் மின்சாரத்தில் ஓடும் டம்மி பேட்டரி உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா பாருங்கள். மின்வெட்டுக்கு லேப்டாப்பும் விளக்கும் இன்வெர்ட்டரில் இருந்தால் நல்லது.

போன் என்றால் சூடு. நம் ஊர் சித்திரை வெயிலில் சார்ஜ் போட்டபடி எடுத்தால் போன் கொதித்து, திரை மங்கி, செயலியை மூடிவிடும். உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, விளக்கைப் போனின் முதுகுப் பக்கம் படாமல் திருப்புங்கள். பேட்டரி உப்பி, போனின் முதுகு தூக்கியிருந்தால் உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம்.

## இவ்வளவுக்கும் பிறகு வாங்கத்தான் வேண்டும் என்றால்

எந்த அறிகுறி தீராமல் நின்றதோ அதற்கு மட்டும் வாங்குங்கள்.

பூட்டு இல்லாத போனால் துடிப்பு தீரவில்லை என்றால், ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் கையால் வைக்க முடிகிற வெப்கேம் ஒன்று போதும். முதல் படம் எடுக்கும் பிள்ளைக்கு என் தேர்வு அதுதான்: நேரலை உண்டு, பேட்டரி கிடையாது, சூடாகி நிற்காது, ஆழமும் கிடைக்கும். படத்தின் தரம் போதவில்லை, பெரிய திரையில் போட வேண்டும் என்ற நிலை வந்தால் டிஎஸ்எல்ஆருக்குப் போகலாம், கூடவே மேனுவல் லென்ஸுக்கும் டம்மி பேட்டரிக்கும் பணம் எடுத்து வையுங்கள். புது மிர்ரர்லெஸ்ஸில் ஒலியில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இருக்கும், இயந்திரம் தேயாது, அது ஒரு வசதி. அதில் நீங்கள் காசு கொடுக்கும் வேகமான ஆட்டோஃபோகஸ், விநாடிக்கு இருபது கிளிக், ஸ்டெபிலைசேஷன் மூன்றையும் அணைத்துவைத்துத்தான் லெகோ படம் எடுக்கப் போகிறீர்கள்.

கல்யாண ஸ்டுடியோக்கள் விற்கும் பழைய டிஎஸ்எல்ஆர் நம் பக்கம் நிறையக் கிடைக்கும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கநிலை மாடல்கள் பலவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் கிளிக் அளவுக்குக் கணக்கிட்டுச் செய்தவை, ஒரு கல்யாணத்திலேயே ஆயிரக்கணக்கில் அடித்துவிடுவார்கள். கிளிக் செய்ததும் திரையில் எர்ரர் வந்தாலோ, படத்தின் ஒரு பகுதி கறுப்பாக விழுந்தாலோ ஷட்டர் போய்க்கொண்டிருக்கிறது. அதை மாற்றும் கூலி பழைய கேமராவின் விலையையே நெருங்கிவிடலாம், அந்தப் பேரம் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஓர் ஆள் பொம்மையையும், மென்பொருள் ஏற்றிய லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். கேமராவைக் கணினியில் செருகி நேரலை வருகிறதா, பொம்மையின் முகம் பாதிப் பிரேமை நிறைக்கிற அளவுக்கு நெருங்கி ஃபோகஸ் நிற்கிறதா, மூன்று பூட்டும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே மேசைமேல் வைத்து இருபது பிரேம் எடுத்து ஓட்டுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.